பாலக்கோட்டுக்கு ஒரு ரயில் விழா

பழைய ரயில் என்றதும் நம் நேயர்களுக்கு உதகை மலை ரயில்தான் ஞாபகம் வரும். 1908-ல் உதகையை எட்டிய அந்தப் பாதையை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதற்கு விழா எடுப்பது நியாயமே.

ஆனால் 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் புறப்பட்ட குட்டி ரயிலை யார் நினைக்கிறார்கள்? தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். 1913-ல் அது பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. துரைமார் வெயிலுக்கு ஒதுங்கப் போட்ட பாதையன்று. பஞ்சம் வந்தால் ஜனங்களுக்குத் தானியம் கொண்டுவரப் போட்டது. யுத்த காலத்தில், 1941-ல், அதை மூடிவிட்டார்கள். பாலக்கோட்டில் இன்று சேலம்–பெங்களூர் அகலப்பாதை ஓடுகிறது. மொரப்பூர் இணைப்புக்கோ 2019-ல்தான் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள்!

மொரப்பூர் முதல் ஓசூர் வரையுள்ள ஊர்கள் ஒரே நாளில் இந்த ரயிலுக்கு விழா எடுக்கலாகாதா? பத்து வயதில் அதில் ஏறியவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றிப் பேசச் சொல்ல வேண்டும். மந்திரிகளின் பிரசங்கத்துக்கு அவசரமில்லை. அது அடுத்த வருஷமும் கிடைக்கும்.