வடசென்னைக்கு ஒரு மேடை

சென்னைப் பட்டணத்தின் சங்கீத சரித்திரத்தை எழுதப் புகுவோர் மயிலாப்பூரில் தொடங்கித் தியாகராய நகரில் முடித்துவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் தியாகராஜ சுவாமிகள், தம் சிஷ்யர் வீணை குப்பய்யரின் அழைப்பை ஏற்றுப் பட்டணத்துக்கு வந்தபோது, திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியது திருவொற்றியூரில்தான். பட்டினத்தாரின் சமாதி இருப்பதும் அந்தக் கடற்கரையில்தான். வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து நடந்து சென்று மனமுருகி நின்றதும் அவ்வூர்ச் சந்நிதியில்தான். கீர்த்தனையும் சித்தர் பாட்டும் அருட்பாவும் ஒலித்த அந்த மண்ணில், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டு, அதன்பின் துறைமுகமும் ஆலைகளும் அனல்மின் நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலத்தில், மூட்டை சுமக்கவும் இயந்திரம் ஓட்டவும் வந்து குடியேறிய ஜனங்கள், ஏற்கெனவே அங்கே வலை வீசி ஜீவித்திருந்த மக்களோடு கலந்து, தங்களுக்கென்று ஒரு சங்கீதத்தை உண்டாக்கிக் கொண்டார்கள். அந்தச் சங்கீதமே கானா.

கானா பாடகனுக்குக் குருகுலமும் கிடையாது, அரங்கேற்றமும் கிடையாது. தெருவில் ஒருவர் காலமாகிவிட்டால், வாசலில் ஷாமியானா கட்டி, மைக் வைத்து, இறந்தவரின் பெயரையும் தொழிலையும் மனைவி மக்களையும் அவர் செய்த நல்லது கெட்டதுகளையும், வந்து அமர்ந்த சற்று நேரத்துக்குள் விசாரித்தறிந்து, அவற்றையெல்லாம் பாட்டில் கோத்து, அழுகிறவர்கள் அழுது முடிக்கவும் அழாதவர்கள் அழத் தொடங்கவும் பொழுது விடியும்வரை பாடவேண்டிய கடமைதான் அவனுக்குப் பயிற்சி. சட்டி, டோலக், புல்புல்தாரா ஆகியவை பக்கவாத்தியங்கள். அவையும் கிடைக்காதபோது மேஜைப் பலகையும் தீப்பெட்டியும் கைத்தட்டலும் போதும். ஆசுகவிகளுக்கு விருதுப் பெயர் சூட்டிக் கொண்டாடிய தமிழ்நாடு, அதே ஆற்றலை மீன்பாடி வண்டி ஓட்டும் ஓர் இளைஞனிடத்தில் பல தலைமுறைகளாகக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டது என்பது என் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் விஷயம்.

இதைச் சொல்லும்போது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுந்த பங்க் இசையின் ஞாபகம் வருவது இயல்பு. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்த தேசத்தில், சங்கீதப் பள்ளிக்கூடத்தின் வாசலையே அறியாத பிள்ளைகள், கிதாரில் மூன்று கார்டு கற்றதும் மேடையேறிவிடலாம் என்று துணிந்ததுதான் அந்த இயக்கத்தின் ஆரம்பம். 1976 ஜூன் 4-ந் தேதி மான்செஸ்டர் நகரில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழு நடத்திய கச்சேரிக்கு வந்தவர்கள் சில டஜன் பேரே. ஆயினும் அவர்களில் பலர், அந்த ஆவேசத்தைக் கண்ட பின், தாங்களே குழு அமைக்கத் தலைப்பட்டார்கள். அக்கச்சேரியை ஏற்பாடு செய்த இரு இளைஞர்கள் தொடங்கிய ‘பஸ்காக்ஸ்’ குழுவோ, 500 பவுன் கடன் வாங்கி, எந்தப் பெரிய கம்பெனியின் தயவையும் நாடாமல், 1977 ஜனவரியில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. முதலில் அச்சிட்ட 1,000 தட்டுகளும் விற்றுப்போயின. நிறத்துவேஷம் தலைதூக்கியபோது, 1978 ஏப்ரல் 30-ந் தேதி லண்டன் விக்டோரியா பூங்காவில் ‘தி கிளாஷ்’ முதலிய குழுக்களும், கறுப்பின இளைஞர்களின் ‘ஸ்டீல் பல்ஸ்’ குழுவும் ஒரே மேடையில் ஏறி, பெருந்திரளான ஜனங்களின் முன்னே அதை எதிர்த்துப் பாடின. சங்கீத நுணுக்கத்தில் அக்குழுக்கள் பெரிதாக ஏதும் சாதித்தன என்று நான் வாதிக்க வரவில்லை. யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல், கையில் கிடைத்த வாத்தியத்தைக் கொண்டு, தன் தெருவின் துயரத்தைத் தன் தெருவின் பாஷையில், நேருக்கு நேர் நிற்கும் ஜனங்களுக்குச் சொல்வது என்ற ஒரு தர்மத்தை அவை உலகத்துக்கு அளித்தன; அந்த தர்மம் மான்செஸ்டருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் வழக்கில் இருந்தது என்பதே என் அபிப்பிராயம்.

இவ்விரண்டு மரபுகளும் தமிழில் ஒன்றோடொன்று கைகோத்ததைப் பார்க்கும் பாக்கியம் நம் காலத்தவருக்கு 2018 ஜனவரி 6-ந் தேதி கிட்டியது. அன்றுதான், கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதலாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து திரட்டிய அந்தக் குழுவில் 19 பேர். வடசென்னையின் கானா பாடகர்களும், அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு போன்ற ராப் கவிஞரும், பறை, சட்டி, கட்டமோளம், டோலக் வாசிப்போரும், கிதாரும் மேல்நாட்டு டிரம்ஸும் பயின்றோரும் அதில் ஒன்றாக நின்றார்கள். குழுவின் பெயருக்கு ஆதாரம், 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வற்புறுத்திய சாதிபேதமற்ற தமிழர் என்னும் கொள்கை. இடஒதுக்கீட்டைப் பற்றியும், மாட்டிறைச்சியைப் பற்றியும், வடசென்னை என்றாலே குற்றம் என்று எண்ணுகிற புத்தியைப் பற்றியும், சபை நாகரிகம் கருதி யாரும் வாய்திறவாத சங்கதிகளையெல்லாம் அவர்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், மார்கழிப் பனியில், பாட்டாகப் பாடினார்கள்.

அவர்கள் அணிந்திருந்த உடையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்த இயக்கத்தின் உட்பொருள் அதிலே இருக்கிறது. லண்டன் பங்க் இளைஞன் தன் சட்டையை வேண்டுமென்றே கிழித்து, கிழிசலை ஊசியால் கோத்து அணிந்தான். நன்றாக உடுத்துவதே நல்லொழுக்கம் என்று நம்பிய ஒரு சமூகத்தின் முகத்தில் அடிக்க அவனுக்குக் கிழிசல் பயன்பட்டது. சென்னை மேடையிலோ பாடகர்கள் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார்கள். தோளில் துண்டு போடக் கூடாது, காலில் செருப்பு அணியக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டவர்களின் சந்ததியில் பிறந்த ஒருவன், அண்ணல் அம்பேத்கரை எந்தக் கோலத்தில் தன் தெருமுனைச் சிலையில் கண்டு வளர்ந்தானோ அந்தக் கோலத்தில் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டிலும் பெரிய எதிர்ப்பு வேறு என்ன இருக்க முடியும்? மேல்நாட்டுக் குழுக்களைப் பார்த்துக் காப்பியடித்தவர்களாக இருந்திருந்தால் அவர்களும் சட்டையைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். பங்க் என்பதன் வெளிவேஷத்தை விட்டு அதன் சத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பக்குவம் அது.

இத்தகைய ஒரு கச்சேரியை நடத்துவது எவ்வளவு பிரயாசை என்பதை ரசிகர்கள் அதிகம் அறிவதில்லை. தோலால் ஆன பறையைக் கடற்காற்றின் ஈரம் தளர்த்திவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அதன் அனலில் காட்டிக் காட்டி விறைப்பேற்றினால்தான் நாதம் பிறக்கும். கிதாரோ அனலைக் கண்டால் சுருதி விலகும். வீதியில் நாலு தெருவுக்குக் கேட்கும் பறைக்கு மைக்கே தேவையில்லை. ஆனால் மேடையில், மின்சாரப் பெட்டியின் வழியே வரும் கிதாருக்குப் பக்கத்தில், மைக் இல்லாவிட்டால் அதன் சூட்சுமமான அடிகள் எல்லாம் அமுங்கிப்போகும், மைக்கை நெருக்கி வைத்தாலோ பாடகனின் குரல் மூழ்கிவிடும். உச்ச ஸ்தாயியில் நின்று பாடும் கானாக் குரலுக்கும், பேச்சைப்போல் தாழ்ந்து ஓடும் ராப் குரலுக்கும் ஒரே மிக்ஸரில் இடம் பிரிக்க வேண்டும். தன் குரல் தனக்கே கேட்கும்படி பாடகனின் காலடியில் வைக்கும் ஸ்பீக்கர் ஒன்று பழுதாகிவிட்டால், ஆறு மாத ஒத்திகையும் வீண். ஒரு பெரிய குழுவை ஏற்றி இறக்கும் வண்டிக் கூலி, ஒலிபெருக்கி வாடகை, ஒத்திகை அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் போக, வாசிப்பவர் கைக்கு என்ன மிஞ்சும்? பகலில் உத்தியோகமும் இரவில் ஒத்திகையுமாகக் கழிவதே சுயேச்சையான இசைக்குழுவினர் பலருடைய வாழ்க்கை. இருந்தும், சட்டியின் முதல் அடி விழுந்து, முன்னே நிற்கும் கூட்டம் விசிலடித்துப் பல்லவியைத் தானே எடுத்துப் பாடத் தொடங்கும்போது, பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவே இருந்த திரை விலகிவிடுகிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை நஷ்டத்தையும் அவர்கள் தாங்குகிறார்கள்.

கானாவில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகளும் அதில் உண்டு; அவற்றுக்கு வக்காலத்து வாங்குவது அந்தக் கலைக்குச் செய்யும் துரோகம். ஆனால் அக்குறைக்கு மருந்தும் அதற்குள்ளிருந்தே வந்தது. ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில், வடசென்னையில் வளர்ந்த இசைவாணி துணிந்து நுழைந்து, அதே மேடையில், அதே ஸ்தாயியில் பாடி, 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். தடை போட்டுத் திருத்த முடியாததை ஒரு மேடை திருத்தும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் தேவாவும், 2012-ல் ‘அட்டகத்தி’ படத்தின் மூலம் சந்தோஷ் நாராயணனும் கானா பாலாவும், கானாவை ஊரெங்கும் கொண்டு சேர்த்தார்கள். அது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் சினிமாவில் பாட்டு கதாநாயகனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. தன் பாட்டைத் தன் பெயரில், தன் முகத்தோடு பாட ஒருவனுக்கு மேடைக் கச்சேரியை விட்டால் வேறு கதியில்லை.

அந்த மேடை எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மேலே சொன்ன முதல் கச்சேரிகூட நடந்தது கீழ்ப்பாக்கத்தில்; இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ அன்று. நகரில் சுயேச்சைக் குழுக்களுக்குக் கிடைக்கும் இடங்களில் பல, தென்சென்னையின் ஹோட்டல்களிலும் மதுக்கூடங்களிலும் இருக்கின்றன; 21 வயது நிரம்பாத ஒருவனுக்கு மது வழங்கச் சட்டத்தில் இடமில்லாத மாநிலத்தில், பாட்டுக் கேட்டுத் தானும் குழு அமைக்கத் துடிக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன இடம்? அமெரிக்காவில், வாஷிங்டன் நகரத்து ‘ஃபுகாஸி’ என்னும் பங்க் குழு, புகழின் உச்சியில் இருந்தபோதும், நுழைவுக் கட்டணம் 5 டாலர் அளவிலேயே இருக்கவேண்டும், எல்லா வயதினரையும் உள்ளே விடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. அந்தப் பிடிவாதத்தை இங்கே ஒரு குழு காட்ட நினைத்தாலும், காட்டுவதற்கு ஒரு கூடம் வேண்டுமே! தெருவில் பாடலாம் என்றால், போலீஸ் அனுமதிக்கு நடக்க வேண்டும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். அந்த விதி நோயாளிக்கும் குழந்தைக்கும் நியாயமானதே; ஆதலால்தான் சுவரும் கூரையும் உள்ள ஓர் இடம் அவசியமாகிறது.

எண்ணூரை நினைத்தால் இந்த அவசியம் இன்னும் தெளிவாகும். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி இயற்றிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்பதை எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது, கர்நாடக சங்கீதம் தன் எல்லையைத் தாண்டி வந்து செய்த ஒரு கௌரவமான காரியம். அதே மாத இறுதியில், 28-ந் தேதி, எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அந்த மாதமே 26-ந் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். இவற்றையெல்லாம் நேரில் அனுபவித்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பாடினால், விருந்தாளியாக வந்த எந்த வித்வானும் பாட முடியாததைப் பாடுவார்கள்.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-ல் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்த் திட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் மிகச் சிறிய ஒரு பங்கைக் கொண்டு, இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் எங்கேனும், ஐந்நூறு பேர் நின்று கேட்கத்தக்க, ஒலி வெளியே செல்லாத, நல்ல ஸ்பீக்கரும் மிக்ஸரும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஓர் அரங்கத்தை மாநகராட்சி கட்டட்டும். அது எழும்வரை, தன் பள்ளி மைதானங்களையும் சமூகநலக் கூடங்களையும் சனிக்கிழமை மாலைகளில் குறைந்த வாடகைக்குக் குழுக்களுக்குத் திறந்துவிடட்டும். பொங்கலையொட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமமும், 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய மார்கழியில் மக்களிசையும் நல்ல முயற்சிகள். ஆனால் வருஷத்தில் சில நாள் நடக்கும் உற்சவத்தால் ஒரு குழு ஜீவிக்க முடியாது, வாரந்தோறும் நடக்கும் கச்சேரியால்தான் முடியும். பத்திரிகாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டிசம்பர்க் கச்சேரி ஒவ்வொன்றுக்கும் விமர்சகரை அனுப்புகிற நீங்கள், மாதம் ஒருமுறையாவது வடசென்னைக்கும் அனுப்புங்கள்; தாளம் தவறினால் தவறிற்று என்றே எழுதட்டும், அதுவே அக்கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை. வாசகர்களே, ஒரு சுயேச்சைக் குழு உங்கள் பேட்டையில் பாட வரும்போது, இலவச பாஸ் கேட்காமல், டிக்கெட் வாங்கிக்கொண்டு, வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.