மேக் அப் என்றால் பவுடர் மட்டும்தானா?



மேக்கப் என்றதுமே நமக்கு ஆண்டு விழா ஞாபகம்தான் வரும். ரோஸ் பவுடர், உதட்டுச் சாயம், அட்டைக் கிரீடம். அது சரிதான். ஆனால் இங்கிலீஷில் 'மேக் அப்' என்கிற ஜோடி பார்க்கிற வேலைகளில் அது ஒண்ணே ஒண்ணு.

'தே ஃபாட், பட் தே மேட் அப்' என்று ஒரு வாக்கியம். எங்க பெஞ்சில் நாலு பேரைக் கேட்டேன். மூணு பேர் "சண்டை போட்டுட்டு பவுடர் அடிச்சாங்க" என்றார்கள். நாலாவது ஆள் சிரிச்சதோட சரி. உண்மையில் சண்டை போட்டவங்க மறுபடி சேர்ந்துட்டாங்க என்று அர்த்தம். காய் விட்டுட்டு அப்புறம் பழம் விடுறோமே, அதேதான்!

இன்னும் இருக்கு. "நோட்டை ஆடு தின்னுடுச்சு சார்" என்று சிலர் கதை கட்டுகிறார்களே, அதுவும் மேக் அப். கபடிக் களத்தில் இறங்கும் ஏழு பேர் சேர்ந்து ஒரு அணி ஆகிறார்களே, அதுவும் மேக் அப். பின்னாடி 'ஃபார்' ஒட்டிக்கொண்டால் ஈடு கட்டுவது. மழை லீவுக்குப் பதிலா சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்களே, அது. 'மைண்ட்' சேர்ந்தால் ஒரு முடிவுக்கு வருவது. 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும். மேக் இட் அப் என்றால் சரி, மேக் அப் இட் என்றால் தப்பு.

நமக்குக் கிடைப்பது என்ன? இருபது சொல், எதிரே ஆளுக்கு ஒரு அர்த்தம், மனப்பாடம். ஒரு மார்க் கிடைக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனால் கதைப் புத்தகத்தில் அதே சொல் வேறு வேஷத்தில் வந்தால் முழிக்கிறோம். உடனே 'நமக்கு இங்கிலீஷ் வராது' என்று நாமே முத்திரை குத்திக்கொள்கிறோம். இதுதான் எனக்குக் கோபம்.

தமிழில் மட்டும் என்னவாம்? 'காட்டிக்கொடுத்தான்' என்றால் எதைக் காட்டி எதைக் கொடுத்தான்? 'போட்டுக்கொடுத்தாள்' என்றால் எதைப் போட்டாள்? (கிளாஸ் லீடர் கோவிச்சுக்க வேண்டாம்.) இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் தெருவிலும் பேசக் கேட்டுப் புரிந்துகொண்டோம். இங்கிலீஷுக்கு அப்படிக் கேட்க நம்ம ஊரில் ஆள் இல்லை, அதனால் வாக்கியமாவது வேண்டும்.

என் கருத்து இதுதான். வாரம் ஒரே ஒரு சொல் போதும். கரும்பலகை ஓரத்தில் அதுக்கு ஐந்து வாக்கியம், நம்ம ஊர் விஷயமாகவே. நாங்களே எழுதுகிறோம், டீச்சர் திருத்தட்டும். போர்ஷன் முடியாது என்பார்கள். பிரேயரில் தினமும் ஒரு குறள் சொல்கிறோமே, அதுக்கு ஆகிற ரெண்டு நிமிஷம்தான் இதுக்கும் ஆகும்.

விமானம் கிளம்பினாலும் 'டேக் ஆஃப்', செருப்பைக் கழட்டினாலும் 'டேக் ஆஃப்'. டீச்சர் சரின்னு சொன்னா, அடுத்த வாரத்துக்கு அதை நானே எழுதித் தர்றேன்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி