சன்னபட்டணா பொம்மைக்கு நம் வீட்டு விசேஷங்களில் இடம்: ஒரு கொள்கைப் பிரகடனம்

பெங்களூரிலிருந்து மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணா. அரக்கு பூசிய மர பொம்மைகளின் ஊர். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச் சாலை ஊரைத் தொடாமல் புறவழியாகப் போய்விடுகிறது. பழைய சாலையோரத்துப் பொம்மைக் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போகிற வழியில் வண்டியை நிறுத்தி வாங்குகிறவர்களை மட்டும் நம்பியிருக்கும் கலையை ஒரு புறவழிச் சாலையே முடக்கிவிடும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிட்டது. ஆகவே, பெங்களூரில் வாழும் தமிழரும் கன்னடருமாக நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எதற்காக நிற்கிறோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். சன்னபட்டணாப் பட்டறைகளில் ஆலெ மரம் எனப்படுவது நாம் தைலத்துக்குத் தேடும் வெட்பாலைதான். வெளுத்த, வழவழப்பான மரம். கட்டையை நன்றாக உலர்த்தி, கடைசல் எந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுக்கிறார்கள். பிறகு நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. உராய்வில் எழும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தைப் பற்றுகிறது. அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்க்க, பூச்சு சீராகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னுகிறது. எவ்வளவு அழுத்துவது, எந்த நொடியில் கையை எடுப்பது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. மஞ்சளும் அவுரியும் நிறம் கொடுத்த நாட்களிலிருந்து, குழந்தை வாயில் வைக்கும் என்று தெரிந்தே செய்த பொம்மைகள் இவை.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் வழியே இத்தொழில் வந்ததாக ஊர் வழக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய உத்திகளைப் புகுத்தி அதைத் திருத்தியவர் பாவாஸ் மியான். வெளியூர்க் கலையைத் தன்னுடையதாக்கிக்கொண்ட ஊர் இது. அதனாலேயே எங்களுக்கு இன்னும் நெருக்கம். 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குச் சட்டக் காவல் வந்துவிட்டது. விடாமல் வாங்கும் வீடுகள்தான் போதவில்லை.

விடாமல் வேலை கொடுக்கும் வழக்கம் ஒரு கலையை எப்படிக் காக்கும் என்பதற்குப் பசிபிக் கடலில் சமோவாத் தீவுகளைப் பாருங்கள். அங்கே பெண்கள் தாழை இனத்து ஓலையை நூலாகக் கிழித்துப் பாய் முடைகிறார்கள். உயர்ந்த பாய் ஒன்றை முடிக்க மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். படுத்துறங்க அல்ல, கல்யாணத்திலும் சாவிலும் குடித்தலைவர் பட்டமேற்பிலும் குடும்பத்துக்குக் குடும்பம் கைமாறுவதற்காக. 2019இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியலுக்கு வெகுகாலம் முன்பே, பாய் இல்லாமல் சபை கூடாது என்ற வழக்கம் அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்துவந்தது. நாங்கள் கேட்பது அந்த வழக்கத்தைத்தான்.

எனவே எங்கள் வீடுகளில் தொட்டில் போடும் நாளிலும், காதுகுத்திலும், முதல் பிறந்தநாளிலும் சன்னபட்டணா கிலுகிலுப்பையோ நடைவண்டியோ சீராக வரும். நவராத்திரிக் கொலுவில் ஒரு படி அந்த ஊருக்கு. ஷோகேஸில் பூட்டி வைக்கமாட்டோம். பிள்ளைகள் உருட்டி உடைக்கட்டும், அடுத்த வருடம் மறுபடி வாங்குவோம். பட்டறையில் நேரே வாங்குவோம், பேரம் பேசமாட்டோம். அங்கு கடைசலிலும் வண்ணத்திலும் உழைக்கும் பெண்களின் கூலி என்ன என்று கேட்போம். கேட்பது எங்கள் உரிமை என்றே நினைக்கிறோம். இயந்திரத்தில் செய்த பிளாஸ்டிக் பொம்மையை சன்னபட்டணா பெயரில் விற்கும் கடையில் காலடி வைக்கமாட்டோம்.

அரசிடமும் கேட்கிறோம். வெட்பாலையை ஏரிக்கரைகளிலும் பள்ளி வளாகங்களிலும் நடுங்கள். மரம் இல்லாமல் மானியம் எதற்கு? மரத்தூள் நெஞ்சில் இறங்காதபடி ஒவ்வொரு பட்டறைக்கும் தூசி உறிஞ்சும் கருவி கொடுங்கள். விரைவுச் சாலையில் ஊருக்குத் திரும்பும் இடம் தூரத்திலேயே தெரியும்படி, கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய பலகை வையுங்கள்.

பெங்களூரின் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வீடு வீடாகச் சென்று இதைப் படித்துக் காட்டுவோம். கையெழுத்திடுகிறவர் பணம் தரவேண்டியதில்லை. வரும் நவராத்திரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளோடு மைசூரு ரயிலேறி சன்னபட்டணாவில் இறங்கினால் போதும்.