மொசைக்கை மாற்றினால் குழாய் சரியாகாது

கிள்ளானில் என் பெற்றோர் வசிக்கும் வரிசை வீட்டில், சமையலறைத் தரைக்கு எட்டு ஆண்டுகளில் இரண்டு முறை மொசைக் மாற்றினோம். முதல் முறை மொசைக் தரமில்லை என்றார் குத்தகையாளர். இரண்டாம் முறை வந்தவர் சிமெண்டைக் குறை சொன்னார். இரண்டுமே காரணமல்ல. தரைக்கு அடியில் போகும் கழிப்பறைக் குழாய் உடைந்து, சுற்றியிருந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் கரைந்து போயிருந்தது. அப்பா தம் சேமநிதிப் பணத்தில் போட்ட இரண்டு தரையும் பள்ளத்தின் மேல் வைத்த மூடிகள்தாம். வாரந்தோறும் அங்கே போய்ச் சாப்பிட்ட அறிவியல் ஆசிரியராகிய எனக்கும் அது தோன்றவில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் இப்படிப்பட்ட பழைய தாமான் வீடுகளில்தான் இருக்கிறீர்கள். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில் தரையை அழகுபடுத்தச் செலவு செய்வதற்கு முன், அடியில் இருக்கும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அது வீண்செலவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

குழாய் ஏன் கெடுகிறது? பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது சுட்ட களிமண் குழாய். அமிலம் அதை அவ்வளவு எளிதில் அரிக்காது. ஆனால் துண்டு துண்டான குழாய்களை அந்தக் காலத்தில் பெரும்பாலும் சிமெண்டுக் கலவையால்தான் இணைத்தார்கள். கழிவு தேங்கும் இடத்தில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு குழாயின் மேல்சுவரில் ஈரத்தோடு சேர, வேறு வகைப் பாக்டீரியா அதைச் சல்ஃபூரிக் அமிலமாக மாற்றிவிடும். அமிலம் சிமெண்டைத் தின்கிறது. குழாய் அப்படியே இருக்க, இணைப்பு மட்டும் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. கிள்ளான் வட்டாரத்தில் பல இடங்களில் மண் மென்மையான கடற்களிமண். வீடு ஆழமான தூண்களின் மேல் நிற்பதால் இறங்குவதில்லை. பின்பக்கம் நாங்கள் நீட்டிக் கட்டிய சமையலறைக்குத் தூண் இல்லை. அது மண்ணோடு சேர்ந்து இறங்கியது, அடியிலிருந்த குழாயும் கூடவே இறங்கியது. பின் சந்தில் உள்ள பொதுக் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதைக் கணக்காகப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு வழக்கமான சரிவு 40க்கு 1. அதாவது 3 மீட்டர் நீளத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் இறக்கம். நடுப்பகுதி 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டால் அந்த இறக்கம் என்ன ஆகும்? குழாய்க்கு ஒரு தொப்பை வந்துவிடும். அதில் தண்ணீர் நிற்கும், கனமானவை அடியில் தங்கும், வாயு கூடும், மேலே சொன்ன அரிப்பும் வேகமாகும்.

அப்போது நாங்கள் என்ன செய்தோம்? கடையில் விற்கும் அடைப்பு நீக்கியை ஊற்றினோம். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு. கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும், உண்மைதான். தொப்பையை அது நிமிர்த்துமா? ஊற்றியதில் ஒரு பகுதி விரிசல் வழியாக மண்ணுக்குத்தான் போயிருக்கும். இன்னொன்று, ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்று அதன் மேல் வேறொன்றை ஊற்றாதீர்கள். குளோரின் வெளுப்பானும் அமிலக் கழுவியும் கலந்தால் நச்சு வாயு வரும்.

தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கலாமே என்று என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் கழிவுக் குழாயில் ஓடுவது மீட்டரை ஏற்கெனவே தாண்டி வந்த தண்ணீர். அது எவ்வளவு கசிந்தாலும் கட்டணம் ஒரு சென் கூடாது. எனவே வேறு அடையாளங்களைத்தான் தேட வேண்டும். ஒரு நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். சில இடங்களில் மட்டும் வெற்றொலி கேட்டால், மொசைக் வெறுமனே பெயர்ந்திருக்கலாம், அல்லது அடியில் பள்ளம் விழுந்திருக்கலாம். கூடவே கழிப்பறை மெதுவாக வடிவது, இடுக்கிலிருந்து கரப்பான் வருவது, மழை நாளில் வாடை அடிப்பது என்றால் சந்தேகப்படுங்கள். வாடை எங்கிருந்து வருகிறது என்று மேன்ஹோலுக்குள் மட்டும் தலையை விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடும். வாடை நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும்.

தரையை உடைக்காமலே சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. பிசினில் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, ஊதி, கெட்டியாக்குவார்கள். 1971ல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் முதலில் செய்து காட்டியது. விரிசலுக்கு அருமையான முறை. ஆனால் புதிய குழல் பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். தொப்பை தொப்பையாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள், கேமராப் படத்தைப் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

எங்கள் வீட்டில் கேமராவை விடுவதற்கே வழியில்லை. நீட்டிக் கட்டியபோது மேன்ஹோலை மொசைக்குக்கு அடியில் புதைத்துவிட்டோம்! பொதுக் குழாயோடு சேரும் இடம் வரை பொறுப்பு வீட்டுக்காரருடையது, அதற்கு அப்பால்தான் இண்டா வாட்டர். ஆகவே உடைத்ததும் நாங்கள், செலவழித்ததும் நாங்கள். வீட்டுக்கு அடியில் இருந்த பகுதிக்குப் பிசின் குழல் போதுமாக இருந்தது. சமையலறைப் பகுதியைத் தோண்டி, சரிவைத் திருத்தி, பிவிசி குழாய் போட்டோம்.

இப்போது சமையலறை நடுவே வாடை வராத இரட்டை அடைப்போடு ஒரு சதுர மூடி தெரிகிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, மேலே ஒரு மிதியடி போட்டிருக்கிறார். போடட்டும், மிதியடியைத் தூக்கிவிடலாம்.