குடோனுக்குள்ள டீசல் எதுக்கு?

எலெக்ட்ரிக் கார் நல்லதா கெட்டதான்னு ஹாஸ்டல்ல விடிய விடிய சண்டை போடுறோம். ஃபோர்க்லிஃப்ட் பத்தி யாரும் பேசுறதில்லை. ஒரகடம் பக்கம் வேலைக்குப் போனீங்கன்னா முதல் நாளே அது உங்க பின்னாடி வந்து ஹாரன் அடிக்கும்.

காருக்கு பேட்டரியோட எடை ஒரு தலைவலி. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு அதே எடைதான் துணை. முன்னாடி 2 டன் தூக்கும்போது வண்டி குப்புற விழாம இருக்க, பின்னாடி எப்படியும் பாரம் வேணும். டீசல் வண்டியில அது வெறும் வார்ப்பிரும்பு. எலெக்ட்ரிக்ல அந்த பாரத்துல ஒரு பங்கை பேட்டரியே சுமக்குது.

ஆனா என் கட்சிக்குக் காரணம் அது இல்லை, காற்று. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லயே சொல்லியாச்சு. மூடின குடோன்ல அந்தப் புகை எங்கே போகும்? எல்பிஜி வண்டியும் தப்பில்லைன்னு நினைக்காதீங்க; அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. செலவுக் கணக்கு போடுற எக்செல் ஷீட்ல டிரைவரோட நுரையீரலுக்கு ஒரு கட்டம்கூட கிடையாது.

எலெக்ட்ரிக்லயும் தொல்லை உண்டு. லெட்-ஆசிட் பேட்டரின்னா 8 மணி நேரம் ஓட்டம், 8 மணி நேரம் சார்ஜ், அப்புறம் 8 மணி நேரம் ஆற விடணும். மூணு ஷிஃப்ட் ஓடுற இடத்துல ஒரு வண்டிக்கு மூணு பேட்டரி! சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேற வரும். லித்தியம்னா டீ பிரேக்ல சொருகிக்கலாம், விலைதான் கையைக் கடிக்கும்.

திறந்த யார்டு, மழை, மேடு பள்ளம்னா டீசலே இருந்துட்டுப் போகட்டும். கூரைக்கு அடியில வேண்டாம். இன்டர்ன்ஷிப் போற இடத்துல, உள்ளே ஓடுறது எந்த வண்டின்னு ஒரு வார்த்தை கேளுங்க.