தலையில் கொம்பு முளைத்த கதையும் இரண்டு பக்கக் கட்டுரையும்

அனாடமி வகுப்பு என்றாலே மனப்பாடம்தான். 206 எலும்புகள், அறுநூறுக்கு மேல் தசைகள், எது எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது, எந்த நரம்பு எதற்குப் போகிறது... லத்தீன் பெயர்களோடு மல்லுக்கட்டவே ஒரு செமஸ்டர் போதாது. இதற்கு நடுவில் "சமீபத்தில் வந்த ஓர் அறிவியல் செய்தியை எடுத்து இரண்டு பக்கத்துக்குள் கட்டுரை எழுதி வாருங்கள்" என்று பேராசிரியர் சொன்னால் எரிச்சல் வராதா?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இது நடக்கிறது. அங்கே நர்சிங் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அனாடமி, ஃபிசியாலஜி பாடங்களை முடித்துவிட்டு வர வேண்டும். அந்த வகுப்புகளில் கொடுக்கப்படும் சின்னச் சின்ன அசைன்மெண்ட்களில் இதுவும் ஒன்று. செய்தியைச் சுருக்கு, பாடத்தோடு தொடர்புபடுத்து, உன் கருத்தை நாலு வரி எழுது. அவ்வளவுதான். மாணவனும் கெடு முடிவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து, கூகுளில் முதலில் வருகிற செய்தியை எடுத்து, வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு, "இது மிகவும் பயனுள்ள கண்டுபிடிப்பு" என்று முடித்துக் கொடுத்துவிடுவான். யாருக்கு என்ன லாபம்?

அப்படியானால் இந்த அசைன்மெண்டைத் தூக்கிவிடலாமா? கூடாது. கேள்வியை மாற்றினால் போதும். அந்த வகுப்பிலேயே உருப்படியான வேலை இதுவாகத்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். 2019 ஜூனில் உலகம் முழுக்க ஒரு செய்தி ஓடியது. மொபைல் போனைக் குனிந்து பார்த்துப் பார்த்து இளைஞர்களின் மண்டையில் கொம்பு முளைக்கிறதாம்! ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் செய்த ஆய்வு. 2018-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது. 18 முதல் 86 வயது வரையிலான 1200 பேரின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பின்மண்டையின் அடியில் விரலால் தடவினால் தட்டுப்படுமே ஓர் எலும்பு மேடு, அது சிலருக்கு அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது, அதுவும் இளவயதினரிடம் அதிகம் என்பதுதான் அவர்கள் சொன்னது. அந்த 1200 பேரில் யார் எவ்வளவு நேரம் போன் பார்த்தார்கள் என்று யாரும் அளக்கவே இல்லை! போன் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம் மட்டுமே. அந்த ஊகம்தான் தலைப்பாகிவிட்டது. அதே ஆண்டில் அந்தக் கட்டுரைக்குத் திருத்தமும் வந்தது. கொம்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்திருப்பார்கள்?

இங்கேதான் அனாடமி மாணவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்த மேட்டின் பெயர் எக்ஸ்டர்னல் ஆக்ஸிபிடல் புரோட்யூபரன்ஸ் என்பது அவனுக்குத் தெரியும். லேபில் மண்டை ஓட்டைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்திருப்பான். எல்லோருக்கும் இருக்கிற ஒன்றுதான், ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்றும் தெரியும். அந்த மனப்பாடத்துக்கு உயிர் வரும் இடம் இது. ஆனால் செய்தியை மட்டும் சுருக்கி எழுதினால் அவனும் கொம்பைத்தான் எழுதுவான்.

இன்னொன்று. 2017 ஜனவரியில் "மனித உடலில் புதிய உறுப்பு" என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 79-வது உறுப்பு என்று எண்ணிக்கை வேறு. மெசென்டரி என்று பெயர். குடலை வயிற்றின் பின்சுவரோடு கட்டி வைத்திருக்கும் மடிப்பு. இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. லியனார்டோ டாவின்சியே வரைந்து வைத்திருக்கிறார். பிறகு 1885-ல் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் என்ற அறுவை நிபுணர் அதைத் துண்டு துண்டாக விவரித்தார். பாடப்புத்தகங்களும் அதையே பிடித்துக்கொண்டன. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபி, இது துண்டுகள் இல்லை, தொடர்ச்சியான ஒரே அமைப்பு, ஆகவே உறுப்பு என்று கருதலாம் என்று வாதிட்டார். 2016 கடைசியில் வந்த அந்தக் கட்டுரை ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் மறுஆய்வுக் கட்டுரை. உடலில் இத்தனை உறுப்புகள்தான் என்று அதிகாரபூர்வமான பட்டியலே கிடையாது. அப்புறம் 79 எங்கிருந்து வந்தது? வேடிக்கை என்னவென்றால், உண்மையான விஷயம் தலைப்பை விட சுவாரஸ்யமானது. குடல் புற்றுநோய் அறுவையில் எந்தத் தளத்தில் பிரித்து எடுப்பது என்பதற்கு இந்தத் தொடர்ச்சி முக்கியம். செய்தியில் அடிபட்டுப் போனது அதுதான்.

2013-ல் வந்த "முழங்காலில் புதிய தசைநார்" செய்தியும் இதே ரகம். பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 41 முழங்கால்களை அறுத்துப் பார்த்து, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த நாரைக் கண்டார்கள். நல்ல வேலை. ஆனால் பால் செகோன்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1879-லேயே அந்த இடத்தில் ஒரு நார் இருப்பதைக் குறிப்பிட்டுவிட்டார். லூவன் மருத்துவர்களே அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். மூலக்கட்டுரையைத் திறந்தால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். யார் திறக்கிறார்கள்?

எல்லாச் செய்தியும் புரளி என்று சொல்ல வரவில்லை. 2020-ல் நெதர்லாந்து புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் ஒரு ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கண்டதாக எழுதினார்கள். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்த 100 பேரில் தெரிந்தது. இரண்டு சடலங்களிலும் பார்த்தார்கள். இது தனிச் சுரப்பியா, ஏற்கெனவே தெரிந்த சிறு சுரப்பிகளின் கூட்டமா என்று சர்ச்சை உண்டு. அந்த நூறு பேரில் 99 பேர் ஆண்கள் என்ற குறையும் உண்டு. இருந்தாலும் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 723 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தபோது, அந்த இடத்தில் அதிகக் கதிர் பட்டவர்களுக்கு வாய் உலர்தலும் விழுங்குவதில் சிரமமும் அதிகம் என்று தெரிந்தது. பெயர் என்னவாக இருந்தால் என்ன, அந்த இடத்தைக் கதிரிலிருந்து காப்பாற்றினால் நோயாளி நிம்மதியாகச் சாப்பிட வழி இருக்கிறது என்பது சிறிய விஷயமா?

கணக்கியல் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. "கம்பெனியின் லாபம் இரண்டு மடங்கு" என்று தலைப்பு வரும். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டினால் பழைய நிலத்தை விற்ற பணம் அதில் இருக்கும். தலைப்பை மட்டும் படித்துப் பங்கு வாங்கியவன் கதி என்ன ஆகும்?

ஆகவே மாணவனிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். யாரை, எத்தனை பேரை ஆராய்ந்தார்கள்? எதை அளந்தார்கள், எதை ஊகித்தார்கள்? இதில் எது புதிது, எது பழசு? செய்தியில் இருந்து, மூலக்கட்டுரையில் இல்லாத வாக்கியம் எது? கடைசிக் கேள்விக்குத்தான் பாதி மதிப்பெண். இதற்கு இரண்டு பக்கமே தாராளம். பத்துப் பக்கம் கேட்டால் அளந்து விடுவார்கள். இரண்டு பக்கத்தில் அளந்து விட இடமில்லை.

முதலாமாண்டு மாணவனுக்கு ஆய்வுக்கட்டுரை எங்கே புரியும் என்று கேட்கலாம். முழுதாகப் புரிய வேண்டாமே. சுருக்கம் பப்மெட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எத்தனை பேர், என்ன முறை, என்ன முடிவு என்பதைப் பிடிக்க, அந்த உறுப்பின் பெயர் தெரிந்திருந்தால் போதும். அதைத்தான் வகுப்பில் படிக்கிறானே! சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடாதா என்றும் கேட்கலாம். கொடுக்கும், பத்தே நொடியில். வெறும் சுருக்கம் கேட்கும் அசைன்மெண்ட் 2022-க்குப் பிறகு செத்துவிட்டது என்றே சொல்லலாம். ஒப்பிட்டு எழுதச் சொன்னாலும் அது எழுதத்தான் செய்யும். அதனால் கட்டுரையை வாங்கிக்கொண்டு மாணவனை ஐந்து நிமிடம் எதிரே உட்கார வைத்து "போன் பார்த்த நேரத்தை எப்படி அளந்தார்கள்?" என்று கேட்க வேண்டும். படித்தவனா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். நூறு பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு இது சுமைதான், மறுப்பதற்கில்லை. மாதம் ஒன்று என்பதை செமஸ்டருக்கு இரண்டு என்று குறைத்துக்கொள்ளலாமே.

இந்த மாணவர்களில் பலர் நாலைந்து வருடத்தில் நர்ஸ் உடையில் ஏதோ ஒரு வார்டில் நிற்கப் போகிறவர்கள். நோயாளிகள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை நர்ஸிடம்தான் கேட்பார்கள். "பேப்பரில் போட்டிருக்கிறதே, நிஜமா?" என்று கேட்கிற அந்தப் பெரியவருக்கு 206 எலும்புகளின் பெயர் தேவையில்லை. அந்த ஆய்வில் என்ன பார்த்தார்கள், என்ன பார்க்கவில்லை என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த ஒருவர் தேவை. அதைப் பழக்கிக்கொள்ள இந்த இரண்டு பக்கம் நல்ல இடம்.