எண்ணிப் பார்க்க ஆள் உண்டு, கேட்க?

அங்கன்வாடிக்கு மேற்பார்வையாளர் வந்தால் என்ன நடக்கும் என்பது கடலூர் மாவட்டத்தில் எந்த டீச்சருக்கும் மனப்பாடம். வருகைப் பதிவேடு, முட்டை இருப்பு, சத்துமாவுக் கணக்கு, எடை அட்டை, போஷன் டிராக்கர் செயலியில் விட்டுப்போன பெயர்கள். கடைசியில் ஒரு கையெழுத்து. ஒரு குழந்தைக்கு மூன்று மாதமாக எடை கூடவில்லை என்பது பதிவில் இருக்கும். அதைச் சொல்லப் போன டீச்சரை அந்த வீட்டுக்காரர் தெருவில் வைத்துத் திட்டினார், மறுநாள் அதே குழந்தைக்கு அந்த டீச்சர்தான் சோறு ஊட்டினார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. பெற்றோரின் பழைய காயங்கள் பச்சிளம் குழந்தையின் வளர்ப்பில் எப்படி வந்து நிற்கின்றன என்று அமெரிக்காவில் செல்மா ஃபிரைபெர்க் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அந்த மரபில் வளர்ந்ததுதான் மீள்நோக்கு மேற்பார்வை. குழந்தையோடும் குடும்பத்தோடும் வேலை செய்பவர், குறித்த நாளில், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு உட்கார்ந்து, நடந்ததையும் அப்போது தன் மனதில் ஓடியதையும் பேசிப் பார்ப்பது. “ஏன் செய்யவில்லை?” என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. “அந்தப் பிள்ளை அழுதபோது உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்கலாம். தன் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர் அதைக் குழந்தைமேல் இறக்கமாட்டார் என்பதுதான் இதன் கணக்கு.

நம் கடற்கரைக்கு இது அவசியம் என்று சொல்லக் காரணம் உண்டு. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளைப் பகுதி வரை இந்த மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பிறகு 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். அங்கன்வாடிப் பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. அப்படியென்றால் ஊர் மூழ்கும்போது அவர் வீடும் மூழ்கும். தண்ணீர் வடிந்ததும் மையத்தைத் திறந்து, மிரண்ட பிள்ளைகளை ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று உட்கார வைப்பவரும் அவர்தான். அவரை யார் உட்கார வைத்துக் கேட்டார்கள்?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெமோ கொடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் யார் மனம் திறப்பார்கள்? “நேற்று ஒரு பிள்ளையை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்” என்று சொன்னால் அது விசாரணையாகிவிடாதா? இந்தப் பயம் நியாயமானது. ஆய்வுக்கு வருபவரும் கேட்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பக்கத்து செக்டார் மேற்பார்வையாளர் கேட்கலாம். அனுபவமுள்ள மூத்த டீச்சர் ஒருவர் சிறு குழுவை நடத்தலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இருக்கிறது. கேட்பவர்களுக்கு அந்தத் துறை பயிற்சி தரலாம். தயவுசெய்து பவர்பாயிண்ட் சொற்பொழிவு வேண்டாம்.

மேற்பார்வையாளரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. விதிப்படியே அவர் தலையில் ஏறக்குறைய 25 மையங்கள். மாதத்தின் வேலை நாட்களை வகுத்தால் மையத்துக்கு ஒரு நாள்கூடச் சரியாக வராது. அவர்களில் பலர் டீச்சராக இருந்து பதவி உயர்வு பெற்றவர்கள். வலி தெரியும், நேரம்தான் இல்லை. அவர்களுக்கும் கேட்க ஆள் வேண்டும்.

பணியாளர் சங்கத்தார் கேட்பார்கள்: முதலில் சம்பளம், பிறகு மனம் பேசலாம். சரியான கேள்வி. 2018-இல் மத்திய அரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. பணிக்கொடைக்கு உரிமை உண்டு என்று சொல்லவே 2022-இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. ஊதியத்துக்குப் பதிலாக ஆறுதல் என்று யாராவது இதைக் கொண்டுவந்தால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஊதியம் உயர்ந்தாலும் அந்தத் தெருச் சண்டைக்குப் பின் பேச ஓர் ஆள் தேவைப்படும்.

2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கும் முகப்பதிவு கட்டாயம் ஆனது. செல்போன் வேலை கூடிக்கொண்டே போகிறது. ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை: பரங்கிப்பேட்டை, குமராட்சி வட்டாரங்களில் ஆறு மாதம், மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை மீள்நோக்கு மேற்பார்வைக்கு ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிவேடும் செயலியும் வேண்டாம்.